எலுமிச்சை வரத்து தடைப்பட்டால் நஷ்டம் யாருக்கு?

ஆனி மாதம் பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசத் தொடங்கும். குற்றாலத்தில் சாரல் விழும். அருவிகளில் குளிக்க வரும் மக்களுக்கு அது மகிழ்ச்சியான காலம். ஆனால் மலையடிவாரத்தில் எலுமிச்சை மரம் வைத்திருக்கும் விவசாயிக்கு அது கவலைக் காலமாகும். கோடையில் ஏறி நின்ற விலை சாரலோடு இறங்கும். காற்றில் காய்கள் உதிரும். முள் கீறிய பழங்கள் மண்டியில் கழிவுக்குப் போகும். பறிகூலியும் வண்டிக் கூலியும் போக மிச்சம் எதுவும் நில்லாத நாட்களும் உண்டு.

அதே நாட்களில் இன்னொருவருக்கும் கவலை உண்டு. எலுமிச்சை ஊறுகாய் தயாரிக்கும் தொழிற்சாலையின் நிர்வாகி அவர். விலை மலிவாக இருந்தாலும், நனைந்த பழம் அழுகி வருகிறதே என்பது அவர் கவலை. கோடை வந்தால் பழமே கிடைப்பதில்லை என்று அவர் கவலைப்படுவார். தோட்டம் முதல் தொழிற்சாலை வரை சரக்கு ஒரே சீராக வந்து சேராததால் இரு தரப்பாருமே நஷ்டப்படுகிறார்கள். ஆனால் தொழிற்சாலை தன் நஷ்டத்தைக் குறைக்கச் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்கிறது. விவசாயி பெரும்பாலும் எந்த ஏற்பாடும் செய்துகொள்வதில்லை. எனவே சரக்குத் தடையின் பாரம் கடைசியில் அவர் தலையிலேயே விழுகிறது. தொழிற்சாலைகள் கையாளும் அதே முறைகளைச் சிறு விவசாயியும் தம் அளவில் கைக்கொள்ள முடியும்.

தொழிற்சாலையின் கணக்கு

தென்காசி மாவட்டத்தில் புளியங்குடி, கடையம், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரங்களில் எலுமிச்சை சாகுபடி பரவலாக உள்ளது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தை தமிழகம் முழுவதும் பெயர் பெற்றது. அங்கிருந்து பழம் கேரளத்துக்கு மிகுதியாகச் செல்கிறது.

நாள் ஒன்றுக்கு 500 கிலோ பழம் அறுக்கும் ஊறுகாய்த் தொழிற்சாலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் பழம் வராவிட்டால் 3,500 கிலோ பழத்தின் வேலை நின்றுவிடும். வேலையாட்களின் கூலி, கட்டட வாடகை, வங்கி வட்டி ஆகியவை நிற்பதில்லை. குறித்த நாளில் கடைகளுக்குச் சரக்கு அனுப்பாவிட்டால் அந்த இடத்தை வேறொரு கம்பெனியின் ஊறுகாய் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை இழந்த இடத்தை மீண்டும் பிடிப்பது எளிதல்ல.

பழம் மட்டும் வந்தால் போதாது. உப்பு, மிளகாய்த் தூள், நல்லெண்ணெய், பாட்டில், மூடி, லேபிள் எல்லாம் வந்து சேர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்றவை வீணே காத்துக் கிடக்கும்.

அண்மை ஆண்டுகள் தந்த பாடம்

இத்தகைய தடைகள் எப்போதோ ஒரு தடவை வருபவை என்று எண்ணிவிடக் கூடாது. கடந்த சில ஆண்டுகளை நினைத்துப் பார்த்தாலே உண்மை விளங்கும்.

2018 ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஓணத்திற்குச் சில நாட்களே இருந்த சமயம் அது. ஓண விருந்தில் எலுமிச்சை ஊறுகாய்க்கு இடம் உண்டு. சாலைகள் துண்டிக்கப்பட்டன, பண்டிகை வியாபாரம் படுத்தது. கேரளத்தை மட்டுமே நம்பிப் பயிர் செய்தவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலாயிற்று. விவசாய வேலைகளுக்கு விலக்கு இருந்தும், ஓட்டல்களும் பழச்சாறுக் கடைகளும் மூடப்பட்டன. எலுமிச்சைக்கு நல்ல விலை கிடைக்க வேண்டிய கோடையில் வாங்குவோர் இல்லாமற் போயினர்.

2022 ஏப்ரலில் இதற்கு நேர்மாறாக நடந்தது. நாட்டின் பல நகரங்களில் எலுமிச்சை சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. பழம் வைத்திருந்தவர்களுக்கு லாபம் கிடைத்தது. முன்கூட்டியே பழம் வாங்கி உப்பில் போட்டு வைக்காத ஊறுகாய்த் தயாரிப்பாளர்கள் தவித்தனர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த கனமழையில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்கள் பெரும் சேதம் அடைந்தன. சாலைகளும் ரயில் பாதைகளும் அறுந்தன. தூத்துக்குடி உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பும் கரைந்து போனது. எலுமிச்சை இருந்தும் உப்பு இல்லாவிட்டால் ஊறுகாய் ஏது? தடை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாரும் முன்னதாகச் சொல்ல முடியாது.

இரண்டு கம்பெனிகளின் கதை

கையில் வைத்துப் பேசும் தொலைபேசி தயாரித்த இரு கம்பெனிகளின் அனுபவம் இங்கே கவனிக்கத் தக்கது. 2000ஆம் ஆண்டு மார்ச்சு 17 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், பிலிப்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்றில் மின்னல் காரணமாகத் தீப்பற்றியது. சில நிமிடங்களில் தீ அணைக்கப்பட்டது. ஆனால் தொலைபேசிக்குத் தேவையான நுண்ணிய உறுப்புகள் பெருமளவில் கெட்டுப் போயின. பின்லாந்தின் நோக்கியா, ஸ்வீடனின் எரிக்சன் ஆகிய இரு கம்பெனிகளும் அங்கிருந்துதான் அந்த உறுப்புகளை வாங்கி வந்தன.

நோக்கியா உடனே விழித்துக்கொண்டது. ஆட்களை அனுப்பி நிலைமையை நேரில் அறிந்தது. வேறு தொழிற்சாலைகளிலிருந்து உறுப்புகள் பெற ஏற்பாடு செய்தது. எரிக்சனோ விரைவில் எல்லாம் சரியாகிவிடும் என்று பொறுத்திருந்தது. பிறகு தேடியபோது மாற்று வழி கிடைக்கவில்லை. அந்த ஆண்டில் கைத்தொலைபேசித் தொழிலில் அது பெரும் நஷ்டம் அடைந்தது. மறு ஆண்டில் தன் கைத்தொலைபேசித் தொழிலை ஜப்பானின் சோனி கம்பெனியோடு கூட்டாக நடத்த வேண்டியதாயிற்று.

இரண்டுக்கும் நேர்ந்த விபத்து ஒன்றே. ஒன்றுக்கு மாற்று வழி இருந்தது, மற்றதற்கு இல்லை. ஒரே மண்டி, ஒரே வியாபாரி, ஒரே ஊர் என்று இருக்கும் விவசாயியின் நிலையும் எரிக்சனின் நிலையும் வேறல்ல.

நல்ல தொழிற்சாலைகள் செய்பவை

சரக்கு வரத்தில் தடை வராமல் காத்துக்கொள்ள, நன்கு நிர்வகிக்கப்படும் தொழிற்சாலைகள் நான்கு காரியங்களைச் செய்கின்றன.

முதலாவதாக, எந்த மூலப்பொருளையும் ஒரே இடத்தில் வாங்குவதில்லை. புளியங்குடிப் பழத்தோடு வேறு வட்டாரப் பழத்தையும் வாங்கிப் பழகி வைத்திருக்கும்.

இரண்டாவதாக, கையிருப்பு வைத்துக்கொள்ளும். எலுமிச்சையை வெட்டி உப்பில் ஊற வைத்தால் மாதக் கணக்கில் கெடுவதில்லை. விலை மலிந்த காலத்தில் வாங்கி உப்பில் போட்ட பழம் கோடையில் கைகொடுக்கும்.

மூன்றாவதாக, சரக்கு எப்போது வரும் என்பதை முன்னதாகவே அறிந்து வைக்கும். சர்க்கரை ஆலைகள் கரும்பின் நடவுத் தேதியைப் பதிவு செய்து, முதிர்ச்சி பார்த்து வெட்டு உத்தரவு கொடுப்பது இதற்காகவே.

நான்காவதாக, பேச்சை எழுத்தில் வைக்கும். எவ்வளவு, என்ன தரம், என்ன விலை, எந்த நாள், தவறினால் என்ன என்பவை எல்லாம் தாளில் இருக்கும்.

இந்த நான்கும் விவசாயிக்கும் பொருந்தும். ஒன்றுக்கு மேற்பட்ட விற்பனை வழி, பழத்தைப் பாதுகாக்கும் வழி, அறுவடையைப் பிரித்துக்கொள்ளும் திட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தம் ஆகியவை அவருக்குத் தேவை.

பாதிக்குப் பாதி: ஒரு கணக்கு

தொழிற்சாலைக்கே முழுவதும் கொடுப்பதா, சந்தைக்கே முழுவதும் அனுப்புவதா என்பது விவசாயிகளிடையே எழும் கேள்வி. விவரம் விளங்குவதற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். இதில் உள்ள விலைகள் உதாரணத்துக்காகவே கொடுக்கப்பட்டுள்ளன.

ஒரு தோட்டத்தில் கோடையில் 1,000 கிலோவும் மழைக்காலத்தில் 2,000 கிலோவும் கிடைக்கின்றன. தொழிற்சாலை ஆண்டு முழுவதும் கிலோவுக்கு 40 ரூபாய் தர ஒப்புக்கொள்கிறது. சந்தையில் மழைக்கால விலை 15 ரூபாய். கோடை விலை ஓர் ஆண்டில் 50 ரூபாய். மற்றோர் ஆண்டில் 120 ரூபாய்.

முழுவதையும் சந்தையில் விற்றால், மோசமான ஆண்டில் 80,000 ரூபாயும் நல்ல ஆண்டில் 1,50,000 ரூபாயும் கிடைக்கும். முழுவதையும் தொழிற்சாலைக்குக் கொடுத்தால் எந்த ஆண்டிலும் 1,20,000 ரூபாய் கிடைக்கும். இரண்டு பருவத்திலும் பாதியைத் தொழிற்சாலைக்கும் பாதியைச் சந்தைக்கும் கொடுத்தால், மோசமான ஆண்டில் 1,00,000 ரூபாயும் நல்ல ஆண்டில் 1,35,000 ரூபாயும் கிடைக்கும்.

முழுவதையும் தொழிற்சாலைக்குக் கொடுப்பதே மேல் என்று இந்தக் கணக்கைப் பார்த்துச் சிலர் நினைக்கலாம். ஆனால் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டால், அல்லது பணம் தரத் தாமதித்தால் என்ன செய்வது? மண்டியோடு உறவு அறுந்திருந்தால் விவசாயி நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். பாதிக்குப் பாதி வைத்தவர் நல்ல ஆண்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார். மோசமான ஆண்டில் கடன்படாமல் தப்புகிறார். வட்டிக்கு வாங்கிப் பயிர் செய்யும் சிறு விவசாயிக்கு, ஓர் ஆண்டு கிடைக்கும் பெரிய லாபத்தைவிட எந்த ஆண்டும் பெரிய நஷ்டம் வராமல் இருப்பதே முக்கியம்.

கோடை விலை ஏறியதும் ஒப்பந்தத்தை மறந்து முழுவதையும் சந்தைக்கு ஏற்றி விடுவது சிலருடைய வழக்கம். அப்படிச் செய்தால் மழைக்காலத்தில் தொழிற்சாலைக் கதவு திறக்காது. ஒப்புக்கொண்ட பங்கை ஒப்புக்கொண்டபடி கொடுப்பவருக்கே அடுத்த ஆண்டு நல்ல விலை கேட்கும் உரிமை உண்டு.

அறுவடையைப் பிரித்தல்

எலுமிச்சையில் பூ விட்டு ஐந்து முதல் ஆறு மாதங்களில் பழம் பறிப்புக்கு வரும். எல்லா மரமும் ஒரே சமயத்தில் காய்த்தால் விலையும் ஒரே சமயத்தில் விழும். செப்டம்பர், அக்டோபரில் பூக்க வைத்தால் கோடையில் பழம் கிடைக்கும்.

இதற்கு ஜூன் மாதத்தில் ஜிப்ரலிக் அமிலம் 50 பி.பி.எம்., செப்டம்பரில் சைக்கோசெல் 1,000 பி.பி.எம்., அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் 1 சதவீதம் என்ற அளவில் தெளிக்கும் முறை சிபாரிசு செய்யப்படுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பொட்டாசியம் நைட்ரேட் 10 கிராம் சேர்த்தால் 1 சதவீதம் ஆகும். மற்ற இரண்டும் மிகக் குறைந்த அளவில் வேலை செய்பவை. எனவே கண் மதிப்பாகக் கலக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை முந்திக்கொண்டால் இம்முறையில் முழுப் பலன் கிடைக்காது. ஆகவே முதல் ஆண்டில் ஐந்தாறு மரங்களில் மட்டும் செய்து பார்க்க வேண்டும். வன்னிக்கோனேந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கு ஆலோசனை பெற்றுத் தொடங்குவது நல்லது.

தரம் கெடாமல் காத்தல்

ஊறுகாயில் பழத்தைத் தோலோடு சாப்பிடுகிறோம். எனவே தொழிற்சாலை முதலில் பார்ப்பது தோலைத்தான். சொறி நோய் கண்ட பழங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது பாக்டீரியாவால் வரும் நோய். சாரல் காலத்தில் காற்றும் மழையும் சேர்ந்து இதை மரத்துக்கு மரம் பரப்பும். முள் கீறிய காயங்கள் வழியாகவும், இலைத்துளைப்பான் புழு குடைந்த வழியாகவும் நோய்க்கிருமி உள்ளே புகும்.

மழைக்கு முன் நோய் கண்ட கிளைகளை வெட்டி எரித்துவிட வேண்டும். பிறகு 1 சதவீத போர்டோக் கலவை, அல்லது லிட்டருக்கு 3 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிக்கலாம். இலைத்துளைப்பானுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் காற்றுத் தடுப்பு மரங்கள் வளர்ப்பது செங்கோட்டை, தென்காசிப் பகுதிக்கு மிகவும் அவசியம். எந்த மருந்து தெளித்தாலும், அதன் உறையில் குறித்துள்ள நாட்கள் கழிந்த பிறகே பழம் பறிக்க வேண்டும்.

பறிப்பிலும் கவனம் தேவை. மழை ஈரத்தோடும், விடியற்காலைப் பனியோடும் பழம் பறிக்கக் கூடாது. அப்போது தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் எளிதில் வெடித்துக் கறை படியும். ஈரம் காய்ந்த பின், காம்பு சிறிது இருக்கும்படி கத்தரித்து எடுக்க வேண்டும். கீழே விழுந்த பழத்தைப் பறித்த பழத்தோடு சேர்க்கக் கூடாது. ஒரு மூடையில் அழுகல் பழம் நாலு கிடந்தால், மூடை முழுவதற்கும் விலை குறைத்துக் கேட்பார்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் முடித்த வியாபாரத்தில் தகராறு வந்தால் விவசாயிக்குச் சாட்சி இல்லை. தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்திற்காகவே 2019ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. முன்னதாக விலை பேசி எழுதி, அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ள அச்சட்டம் வழி செய்கிறது. இது பற்றி வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம். ஒப்பந்தத்தில் கீழ்க்கண்டவை தெளிவாக இருக்க வேண்டும்.

1. மாதவாரியாக எத்தனை கிலோ என்ற அளவு. ‘தோட்டத்தில் விளைவது முழுவதும்’ என்று எழுதக் கூடாது.

2. கிலோ விலை. சந்தை விலை மிகவும் ஏறினால் விவசாயிக்கு எவ்வளவு பங்கு கூடும் என்பதையும் எழுத வேண்டும்.

3. தரம். பழத்தின் அளவு, நிறம், சொறி எந்த அளவு வரை ஏற்கப்படும் என்பவை. தரம் பார்ப்பது தோட்டத்திலா, தொழிற்சாலையிலா என்பதும் முக்கியம். தொழிற்சாலை வாசலில் திருப்பி அனுப்பினால் வண்டிக் கூலி இரட்டிப்பாகும்.

4. எடை போடும் இடமும், வண்டிக் கூலி யாருடையது என்பதும்.

5. பணம் தரும் நாள். கரும்புக்கு 1966ஆம் ஆண்டு கட்டுப்பாட்டு உத்தரவின்படி 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி உண்டு. எலுமிச்சைக்கு அந்த உத்தரவு பொருந்தாது. ஆனாலும் அதே மாதிரி ஒரு கெடுவையும் வட்டியையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

6. வெள்ளம், புயல், ஊரடங்கு போன்ற காலங்களில் வாங்க முடியாமற் போனால் நஷ்டத்தை எப்படிப் பகிர்வது என்பது. பலரும் எழுத மறப்பது இதைத்தான். தடை வரும் நாளில் கைகொடுப்பதும் இதுதான்.

தனி விவசாயி கேட்டால் தொழிற்சாலை இவற்றுக்கு இணங்காமற் போகலாம். ஐம்பது பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகக் கேட்டால் இணங்கும். தொழிற்சாலைக்கும் இதில் அனுகூலம் உண்டு. ஐம்பது தோட்டங்களில் ஒன்றிரண்டு தவறினாலும் மொத்த வரத்து நிற்பதில்லை.

விலை விழுந்த நாளில்

பறிகூலி கட்டாத நாளில் பழத்தை மரத்தடியில் உதிர விடுவதுதான் வழக்கம். அன்றைக்கு மகளிர் குழுக்கள் அதை உப்பில் போட்டு வைக்கலாம். நன்கு பழுத்த, சொறி இல்லாத பழங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நான்காக வெட்ட வேண்டும். ஒரு கிலோ பழத்துக்கு 200 கிராம் வீதம் உப்புச் சேர்க்க வேண்டும். கண்ணாடி, பீங்கான், அல்லது உணவுக்கென்றே செய்த பிளாஸ்டிக் பாத்திரத்தில் நிரப்பி, பழம் சாற்றுக்கு மேலே மிதக்காமல் பாரம் வைத்து மூட வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் கூடாது. புளிப்பும் உப்பும் உலோகத்தை அரித்துவிடும். தினமும் உலர்ந்த கரண்டியால் ஒரு தடவை கிளறி விட்டால், சில வாரங்களில் தோல் மிருதுவாகும்.

சாரல் நாளில் வெயிலில் வைத்து உலர்த்த முயல வேண்டாம். காற்றில் ஈரம் மிகுதியாதலால் பூசணம் பிடிக்கும். உப்பில் ஊறியபடியே வைத்திருந்து, வெயில் தெளிந்த பிறகு உலர்த்தலாம். விற்பனைக்குத் தயாரிப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். உப்பிட்ட பழத்தைத் தொழிற்சாலைக்கு விற்க எண்ணுபவர்கள், உப்பின் அளவையும் சுத்தத்தையும் பற்றித் தொழிற்சாலையிடம் முன்னதாகவே கேட்டு, அதன்படி செய்ய வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியது

தொழிற்சாலைகள் தடை வந்த பின் வழி தேடுவதில்லை. வருமுன் தேடி வைக்கின்றன. எலுமிச்சை விவசாயிகளும் அடுத்த பறிப்புக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மூன்று விவரங்களை எழுதத் தொடங்கலாம். எந்த மாதம் எத்தனை கிலோ பறித்தோம், யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தோம், அவர் வாங்க மறுத்தால் அடுத்து யாரிடம் போவோம் என்பவையே அவை. மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாமல் இருந்தால், அந்த இடத்தை நிரப்புவதே முதல் வேலை.

சாரல் ஆண்டுதோறும் வரும். வெள்ளமும் விலைச் சரிவும் சொல்லாமல் வரும். ஒரு வழி அடைபட்டாலும் மறு வழியில் பழம் போகும்படி செய்து வைத்தவருக்கு மேல்காற்று வீசும் நாளிலும் நிம்மதி உண்டு.